அத்தியாயம் 9: மலை இறங்கினால் மைதானம்

அந்தமான் தலைநகர் போர்ட் பிளேரின் மரைன் ஹில்லில் அறை எடுப்பவர்கள் கடலைப் பார்ப்பதற்காகத்தான் எடுக்கிறார்கள். தப்பில்லை. சார்லஸ் கொரியா வடிவமைத்த விடுதி ஒன்று இந்தச் சரிவில்தான் படிப்படியாக இறங்குகிறது. அதன் திறந்த கூடத்தில் ஒரு காபியோடு உட்கார்ந்தால் எதிரே ராஸ் தீவு, இடப்பக்கம் தள்ளி நார்த் பே. ஆனால் கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊரைப் பார்க்காமல் திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மலையை விட்டு இறங்கினால் மெரினா பார்க், அதை ஒட்டி நீர் விளையாட்டு வளாகம், பக்கத்திலேயே நேதாஜி ஸ்டேடியம். இந்த ஊர் விளையாடுகிற இடமெல்லாம் உங்கள் காலடியில்தான் இருக்கிறது. நடந்தே இறங்கிவிடலாம். திரும்பி ஏறும்போதுதான் ஆட்டோ வேண்டும்.

ஊர்ப் பெயரையும் சொல்லிவிடுகிறேன். 2024 செப்டம்பர் முதல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். பலகைகள் மாறிவிட்டன, பேச்சு மாறவில்லை. ஆட்டோக்காரரிடம் எந்தப் பெயரைச் சொன்னாலும் புரியும். ராஸ், ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கும் 2018 கடைசியில் பெயர் மாறிற்று. ஹேவ்லாக் இப்போது சுவராஜ் தீவு, நீல் தீவு ஷஹீத் தீவு. கப்பல் டிக்கெட்டில் புதுப் பெயர்தான் இருக்கும், பயந்துவிடாதீர்கள்.

முதலில் கடிகாரத்தைத் திருத்துங்கள்

மதுரையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் மாலை ஐந்தரைக்கு மைதானத்துக்குப் போனார். ஆட்டம் முடிந்து, கோல் கம்பத்தில் வலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இருட்டிவிட்டது. இந்தத் தீவுகள் சென்னைக்குக் கிழக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தள்ளி, பர்மாவுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. கடிகாரம் மட்டும் இந்திய நேரத்தில் ஓடுகிறது. டிசம்பர், ஜனவரியில் ஐந்து, ஐந்தேகாலுக்குள் சூரியன் போய்விடும். மே, ஜூனில் காலை ஐந்துக்கே நன்றாக வெளிச்சம் வந்துவிடும். ஆகவே பகல் போட்டிகள் காலையில் தொடங்கி நாலரைக்குள் முடியும். பள்ளி மைதானத்துப் பையன்கள் மூன்று மணிக்கே பந்தோடு வந்துவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தூக்கம் என்ற பழக்கத்தை இங்கே வைத்துக்கொண்டால் ஒன்றையும் பார்க்க முடியாது.

பருவமும் முக்கியம். மே நடுவில் மழை பிடித்தால் அக்டோபர், நவம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும்; பெரிய விழாக்கள் அப்போதுதான். ஆனால் கால்பந்து பிடித்தவர்கள் மழையிலேயே வாருங்கள். சேற்றில் ஆடுகிற ஆட்டம் இங்கே தனி ருசி.

எப்படித் தெரிந்துகொள்வது

இங்கே நடக்கிற எதற்கும் இணையத்தில் டிக்கெட் விற்பதில்லை, அதனால் தேடினால் அகப்படாது. தீவு நிர்வாகமே நடத்துகிற 'டெய்லி டெலிகிராம்ஸ்' என்ற ஆங்கில நாளிதழ் ஒன்று இருக்கிறது. அபர்தீன் பஜாரில் எந்தப் பேப்பர் கடையிலும் கிடைக்கும். கப்பல் நேரமும், டெண்டர் அறிவிப்பும், தொலைந்துபோன மார்க்‌ஷீட் விளம்பரமும் நிறைந்த அந்தப் பக்கங்களின் மூலையில்தான் எந்தக் கிராமத்தில் எந்தக் கோப்பைக்கு ஆட்டம், எந்தத் தீவில் மேளா என்பது வரும். மேளாத் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு நகர்வதால் பழைய பயணக் குறிப்புகளை நம்பி விமான டிக்கெட் போட வேண்டாம்.

அடுத்தது ஆட்டோக்காரர். இங்கே தமிழ் தெரிந்த ஆட்டோக்காரர் கிடைப்பது கஷ்டமே இல்லை. ராமநாதபுரம், மதுரைப் பக்கம் வேர் உள்ள குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக இங்கே இருக்கின்றன. "அண்ணே, இன்னிக்கு எங்கயாச்சும் மேட்ச் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த மேட்ச் சார்? வாலிபாலா, புட்பாலா?" என்று திருப்பிக் கேட்டால் சரியான ஆளைப் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அவர் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பார். போனதுண்டா என்றால் "மெயின்லேண்டுக்கு ரெண்டு தடவ போயிருக்கேன்" என்பார். நம் ஊரை 'மெயின்லேண்டு' என்று கேட்பது முதல் நாள் காதில் உறுத்தும், மூன்றாம் நாள் நீங்களே சொல்வீர்கள்.

ஹோடி

அந்தமான் நிக்கோபாரின் பாரம்பரிய விளையாட்டு என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் ஹோடிப் பந்தயத்தைத்தான் சொல்வேன். ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த நிக்கோபாரிப் படகு இது. ஆள் உட்கார்ந்தால் இடுப்பு இரு பக்கமும் இடிக்கும் அளவுக்குக் குறுகல். அத்தனை குறுகிய படகு தனியே நின்றால் கவிழ்ந்துவிடும். அதனால் ஒரு பக்கத்தில் கைநீட்டின மாதிரி கழிகள் போய், அவற்றின் நுனியில் ஒரு மிதவைக் கட்டை கட்டியிருக்கும். ஹோடி என்பது தீவு இந்தியில் வழங்கும் சொல். கார் நிக்கோபார்க்காரர்கள் தங்கள் மொழியில் 'ஆப்' என்பார்கள். அவர்களுடைய பந்தயத்துக்கு 'அசோல் ஆப்' என்று பெயர். கடலில் விடுவது போக, கடற்கரை மணலில் நடத்துகிற வகையும் உண்டு.

பந்தயத்தைப் பார்க்க வாய்த்தால், அதற்குமுன் ஒரு ஹோடியைக் கிட்டத்தில் பார்த்துவிடுங்கள். ஃபீனிக்ஸ் பே பக்கம் மானிடவியல் அருங்காட்சியகம் இருக்கிறது, மரைன் ஹில்லிலிருந்து ஆட்டோவில் ஐந்தாறு நிமிடம். வார விடுமுறையையும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு போங்கள். அங்கே நிக்கோபாரிகளின் கூம்பு வீட்டு மாதிரியும் படகு மாதிரியும் இருக்கின்றன. மிதவைக் கட்டையைக் கழிகளோடு இணைக்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். கட்டை ஓரிடத்தில் இறுகவும் வேண்டும், அலைக்குக் கொஞ்சம் இளகிக் கொடுக்கவும் வேண்டும். நம் கரையில் கட்டுமரத்துக்குக் கயிறு போடுகிறவர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினால் அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிடுவார்.

இதைப் பார்த்த பிறகு பந்தயம் வேறு மாதிரி தெரியும். மிதவை ஒரே பக்கத்தில் இருப்பதால் தண்ணீர் அந்தப் பக்கம் அதிகம் பிடித்து இழுக்கும், படகு ஓயாமல் அந்தப் பக்கமே திரும்பப் பார்க்கும். அதைத் திருத்திக்கொண்டே வருவது பின்னால் உட்கார்ந்திருப்பவன் வேலை. முன்னால் இருப்பவர்களின் தோளைப் பார்த்துக் கைதட்டுகிறோம். ஆட்டம் பின்னால் இருப்பவனின் மணிக்கட்டில் இருக்கிறது. திரும்பும் குறியில் இன்னும் சுவாரஸ்யம். வேகத்தில் திரும்பும்போது மிதவைக் கட்டை நீரைவிட்டு ஒரு சாண் எழும்பும். கரையில் நிற்கும் நிக்கோபாரிப் பெரியவர்கள் அந்த நொடியில் பேச்சை நிறுத்துவார்கள். நீங்களும் அங்கேதான் கண் வைக்க வேண்டும். யார் முதலில் வந்தார் என்பதை ஒலிபெருக்கி எப்படியும் சொல்லிவிடும்.

ஹோடிக்குப் பின்னால் ஒரு பழைய வியாபாரமும் இருக்கிறது. கார் நிக்கோபாரில் பெரிய படகுக்கு ஏற்ற மரம் குறைவு. படகையும் மண்பானையையும் சௌரா என்ற சின்னஞ்சிறு தீவிலிருந்துதான் வாங்க வேண்டும் என்பது மரபு. சௌராவுக்குப் படகில் போய்வருவதே ஆண்மைக்கும் பக்திக்கும் அடையாளமாக இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கரையோரக் கிராமங்கள் அழிந்தன, படகுகளும் போயின. பிறகு மக்களை உள்ளே தள்ளிக் குடியமர்த்தினார்கள். 'எல்பானம்' என்று அவர்கள் சொல்கிற கடற்கரைப் பொதுவிடம்தான் படகு நிறுத்துகிற இடமும், விழா எடுக்கிற இடமும். அதுவே போய்விட்ட ஊரில் மறுபடி பந்தயம் விட்டிருக்கிறார்கள். கரையில் நிற்கும் ஒருவர் ஹோடியைப் பார்த்துக் கண் கலங்கினால் காரணம் கேட்காதீர்கள்.

போக முடியாத மைதானம்

இந்தப் பந்தயங்களின் சொந்த ஊர் கார் நிக்கோபார். இங்கிருந்து தெற்கே சுமார் 270 கிலோமீட்டர். சுற்றுலாவாக நீங்கள் அங்கே போக முடியாது. 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அது ஒதுக்கப்பட்ட பகுதி. உரிய பாஸ் இல்லாமல் போனால் சிறைத்தண்டனை வரை உண்டு. "பாஸெல்லாம் நான் பார்த்துக்கறேன் சார், பன்றிச் சண்டை காட்டறேன்" என்று சொல்கிற ஏஜென்ட் எவராவது வந்தால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள். என்னிடமே ஒருவர் ஒரு முறை முன்பணம் கேட்டார். கொடுக்கவில்லை என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான், ஆனால் கொடுத்தேன். அந்த ஐந்நூறு ரூபாய் இன்னும் கடலில்தான் இருக்கிறது.

பன்றிச் சண்டை என்பது கதையல்ல. இறந்த முன்னோரின் எலும்பைத் தோண்டியெடுத்து மரியாதை செய்யும் பெருவிழா கார் நிக்கோபாரில் பழைய காலத்திலிருந்து உண்டு. அது ஆண்டுதோறும் நாள் குறித்து வருவதல்ல, ஒரு கிராமம் பன்றிகளை வளர்த்து, செலவைச் சேர்த்துத் தயாராகப் பல ஆண்டு ஆகும். கூண்டில் வளர்த்த பெரிய பன்றியோடு இளைஞர்கள் வெறுங்கையோடு மோதுவது அதில் ஒரு பகுதி. தமிழருக்கு இதைக் கேட்டதும் வாடிவாசல் ஞாபகம் வரும். 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டபோதும், 2017 ஜனவரியில் மெரினா கடற்கரை நிறைந்தபோதும், வெளியூர்க்காரன் வந்து நம் மாட்டைப் பற்றி நமக்கே பாடம் எடுப்பது எப்படி எரிந்தது என்று நமக்குத் தெரியும். வேடிக்கை பார்க்க வந்தவன் ஒரே ஒரு படத்தைப் பிடித்துப் போய் ஊருக்குக் கதை சொல்வது அதைவிட எரியும். நிக்கோபாரிகள் விழாவைத் தங்களுக்குள் வைத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமே இல்லை.

கிரிப் என்ற மல்யுத்தம் மட்டும் எங்காவது விழா மேடைப் பக்கம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். இருவரும் ஒருவரையொருவர் கட்டி, முதுகுக்குப் பின்னால் கை கோத்துக்கொள்வார்கள். ஆட்டம் முடியும்வரை அந்தப் பிடியை விடக்கூடாது. காலாலும் இடுப்பாலும் தள்ளித்தான் எதிராளியைச் சாய்க்க வேண்டும். முதுகு தரையில் பட்டவன் தோற்றான். நம் ஊர்க் குஸ்தியில் கை செய்கிற வேலையையெல்லாம் இங்கே கால் செய்கிறது. கட்டிப்பிடித்தபடி இருவரும் சும்மா நிற்பது போலத் தோன்றும். பாதங்களைப் பாருங்கள். குதிகால் மணலில் எந்தப் பக்கம் அழுந்துகிறதோ, அந்தப் பக்கம்தான் அடுத்த தள்ளல்.

அந்தமான் பகுதியின் பழங்குடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜாரவா, சென்டினல் மக்களைப் 'பார்க்க' ஆசைப்படாதீர்கள். அதற்கு வழி காட்டுகிறேன் என்பவர் பக்கமே போகாதீர்கள். இந்தப் பழங்குடிகளை நினைத்துப் பார்க்க வேண்டுமென்றால் நீர் விளையாட்டு வளாகத்துக்குள் போங்கள், அங்கே ஒரு நினைவுத்தூண் நிற்பதைக் காண்பீர்கள். 1859 மே 17 அன்று வில்லும் அம்பும் கொண்டு ஆங்கிலேயரின் துப்பாக்கிகளை எதிர்த்து இறங்கிய கிரேட் அந்தமானியருக்காக வைத்தது. ஜெட் ஸ்கீ டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதைக் குப்பைத்தொட்டிக்கு அடையாளமாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

ஆண்டின் கணக்கு

ஜனவரி வாக்கில் நிர்வாகம் நடத்தும் தீவுச் சுற்றுலா விழா. பல தீவுகளின் நடனக் குழுக்கள் வரும், நிக்கோபாரி நடனம் அநேகமாக இருக்கும். நிகழ்ச்சி நிரலைக் கையில் வாங்கி, இரவு மேடையை விட்டுவிட்டுப் பகல் நிகழ்ச்சிகளில் குறி போட்டுக்கொள்ளுங்கள். ஜனவரி 23 நேதாஜி பிறந்தநாளையொட்டி ஹேவ்லாக்கில் சுபாஷ் மேளா. கப்பல் டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள், அந்த வாரம் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் நிற்க இடம் இருக்காது. பங்குனி உத்திரம் போட்டியல்ல, ஆனால் மார்ச், ஏப்ரலில் இங்கே இருந்தால் வெற்றிமலை முருகன் கோயில் காவடியைப் பார்க்காமல் போகாதீர்கள். வங்காளி, தெலுங்கர், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர் எல்லாம் காவடி எடுப்பார்கள். ஓணத்துக்கு மலையாளிகள் வடம்வலி, அதாவது கயிறு இழுக்கும் போட்டி, வைப்பார்கள். துர்கா பூஜைக்கு வங்காளிக் குடியிருப்புகளுக்குப் போங்கள்.

கயிறு

நான் இங்கே பார்த்ததில் மிகவும் ரசித்தது ஒரு பொங்கல் கயிறு இழுக்கும் போட்டி. தமிழர் குடியிருப்பு ஒன்றின் பள்ளி மைதானம். காலையில் கோலம், உறியடி, பெண்களுக்கு நாற்காலிப் போட்டி. அதுவரை நம் ஊரேதான். மூன்று மணிக்குக் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார்கள். தேங்காய் நார் வடம் அல்ல, கப்பல் கட்டுகிற நைலான் வடம். ஒரு கையால் சுற்றிப் பிடிக்க முடியாத பருமன். யாரோ துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர், கழித்துப்போட்டதை வாங்கி வைத்திருக்கிறார். நைலான் வழுக்கும். அதனால் ஒவ்வொருவரும் குனிந்து மண்ணை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டார்கள். ஒரு பையன் மட்டும் டவுசர் பையிலிருந்து சின்னப் பொட்டலத்தை எடுத்தான். மரத்தூள். சாத்தம் மரமில்லில் மாமா வேலை பார்க்கிறாராம். எதிரணிக்காரர்கள் "இது செல்லாது" என்று கத்த, பத்து நிமிடம் பஞ்சாயத்து.

ஓர் அணி தமிழ்ப் பையன்கள், மற்றது பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்த கலப்பு அணி: இரண்டு வங்காளிகள், பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் இனத்துப் பையன் ஒருவன், மீதி எந்த இனமென்று அவர்களுக்கே தெரியாத, தீவிலேயே பிறந்து வளர்ந்த 'லோக்கல் பார்ன்'. விசில் ஊதியதும் இரு அணியும் ஒரே குரலில் "ஸோர் லகாகே!" என்றது, "ஹய்யா!" என்று மைதானமே பதில் சொன்னது. தமிழ்ப் பொங்கலில் இந்திக் கூவல் எதற்கு என்று என்னோடு வந்தவர் முகம் சுளித்தார். பக்கத்தில் நின்ற அம்மா சொன்னார்: "கயிறு இழுக்கறதுக்கு எங்களுக்கு இந்தப் பாஷைதான் தம்பி."

கடைசி ஆளின் இடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வடத்தை அக்குளுக்குக் கீழே கொண்டுபோய்த் தோளில் போட்டு, பாதி உட்கார்ந்த நிலையில் வானத்தைப் பார்த்தபடி சாய்ந்திருந்தான். முன்னால் ஏழு பேர் ஆடி அசைந்தாலும் அவன் அசையவில்லை. நடுக்கோட்டில் கட்டிய சிவப்புத் துணி ஒரு விரல், இன்னொரு விரல் என்று நகர்ந்தது. மூன்று சுற்றில் மூன்றாவதுக்கு ஓர் ஆள் குறைய, "சார், நீங்க வாங்க" என்று என்னைக் கூப்பிட்டார்கள். எந்த அணி என்று கேட்காமல் போனேன். கலப்பு அணி. தோற்றோம். மறுநாள் உள்ளங்கைத் தோல் உரிந்து சாம்பார் சாதத்தைப் பிசைய முடியவில்லை. கூப்பிட்டால் போங்கள், கையில் ஒரு துண்டு வைத்துக்கொண்டு போங்கள்.

நடத்தை, சாமான், சாப்பாடு

ஆளைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். நிக்கோபாரிக் குழுவாக இருந்தால் அவர்களின் 'கேப்டன்' யார் என்று விசாரியுங்கள். கிராமத் தலைவருக்கு அவர்கள் வழங்கும் பெயர் அது. அவர் சரி என்றால் எல்லாரும் சரி. ட்ரோன் கொண்டுவந்திருந்தால் பெட்டியிலேயே இருக்கட்டும், இது கடற்படை ஊர். கரையில் பொறுக்கிய சிப்பி, பவளத்தைப் பையில் போட்டால் விமான நிலையத்தில் வெளியே வரும். வெற்றி பெற்ற அணிக்குப் பணம் நீட்டாதீர்கள், இளநீர் வாங்கிக் கொடுங்கள், தோற்ற அணிக்கும் சேர்த்து. விழாக் கடைகளில் நிக்கோபாரித் தாழம்பழக் கூழ் கிடைத்தால் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். முதல் வாயிலேயே பிடிக்கும் என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

ஒரு காலை மட்டும்

கடைசி நாள் விமானம் மதியம் என்றால், காலை ஐந்தரைக்கு எழுந்து, சைக்கிள் மிதிக்க வரும் பையன்களைப் பார்க்க மரைன் ஹில் சாலையில் வந்து நில்லுங்கள். இந்தத் தீவுகளின் பிள்ளைகள் இந்திய சைக்கிள் பந்தயத்தை எங்கே கொண்டுபோயிருக்கிறார்கள் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. சுனாமியில் நாள் கணக்காக மரத்தைப் பிடித்து உயிர் தப்பிய டெபோரா ஹெரால்டு சர்வதேசப் பதக்கங்கள் வாங்கினார். கால்பந்து வீரரின் பெயரைத் தாங்கி, கால்பந்தில் தொடங்கி, சைக்கிளுக்கு மாறியவர் டேவிட் பெக்காம். ஈசோ ஆல்பன் 2018இல் சுவிட்சர்லாந்தின் எய்கிளில் நடந்த உலக ஜூனியர் டிராக் போட்டியில் கெய்ரின் என்ற வேகப் பந்தயப் பிரிவில் வெள்ளி வாங்கினார். மூவரும் நிக்கோபார் பிள்ளைகள்.

நான் நின்ற காலையில் மூன்று பையன்கள் வந்தார்கள். ஒரு சைக்கிளுக்கு மட்காடு இல்லை, ஒன்றுக்கு மணி இல்லை. முந்தின நாள் நான் நாற்பது ரூபாய் கொடுத்து ஆட்டோவில் ஏறிய அதே ஏற்றம். இருக்கையை விட்டு எழுந்து, ஹேண்டில்பாரில் தாடை படுமளவுக்குக் குனிந்து மிதித்தார்கள். மேலே போனதும் பிரேக் பிடிக்காமல் திரும்பி, ஒருவர் பின் ஒருவராகக் கீழே விட்டார்கள். பிறகு மறுபடி மேலே. நான் எண்ணிய வரையில் ஒன்பது தடவை.